ஊட்டிக் குளிரை நம்பி மெத்தனாலைத் திறக்காதீர்கள்

"இங்க அடிக்கிற குளிருக்கு எது சார் தீப்பிடிக்கப் போகுது?" நீலகிரியில் ஆய்வகப் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். லேப் உதவியாளர் கேட்பார், ஆராய்ச்சி மாணவர் கேட்பார், சில நேரம் பேராசிரியரே கேட்பார். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். கோவையில் மே மாத வெயிலில் மூடியைத் திறந்ததும் குப்பென்று ஆவியாகிற திரவம், ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற அறையில் சாதுவாகத்தானே இருக்கும்? ஆய்வகங்களில் கரைப்பானாகப் புழங்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் விஷயத்தில் இந்த நம்பிக்கை தவறு. மலையின் உயரம் சில இடங்களில் ஆபத்தைக் கூட்டுகிறது. குளிருக்காக நாம் செய்கிற காரியங்கள் அதை இன்னும் கூட்டுகின்றன.

முதலில், இந்தத் திரவம் மலையில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கலாம். ஆய்வகம் என்றதும் 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், ஊட்டியின் பார்மசி கல்லூரி, அரசு கலைக் கல்லூரி என்று பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் தெருமுனையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் மெத்தனால் இருக்கும். கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தத்தை நிலைப்படுத்த அது வேண்டும். ரத்தச் செல்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயமே மெத்தனாலில் கரைத்ததுதான். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் காணப்படுவதால், ரத்தத்தைச் சில்லில் தடவிப் பார்க்கும் வேலை அங்கே அன்றாடம் நடக்கிறது. தேயிலையில் துவர்ப்பு தரும் பாலிஃபீனால் எவ்வளவு என்று பார்ப்பதற்கும் மெத்தனால்தான். மூலிகைச் சாறு எடுக்கும் மாணவர்களுக்கும், கலவையில் இருக்கும் பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி ஓட்டுபவர்களுக்கும் அது இல்லாமல் ஒரு நாளும் நகராது. இவ்வளவு பரவலாகப் புழங்கும் ஒரு பொருளுக்கு இரண்டு கெட்ட குணங்கள்: எளிதில் தீப்பிடிக்கும், உடம்புக்குள் போனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும்.

தீயிலிருந்து தொடங்குவோம். ஒரு திரவம் தானாக எரிவதில்லை. அதன் மேல் நிற்கும் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலும், இன்னொரு அளவுக்குக் கீழும் இருந்தால்தான் பற்றும். மெத்தனாலுக்கு அந்தக் கீழ் எல்லை 6 சதவீதம், மேல் எல்லை 36 சதவீதம். பெட்ரோலின் மேல் எல்லை 8 சதவீதத்தைக்கூடத் தொடாது என்பதை வைத்துப் பார்த்தால், மெத்தனாலின் எல்லை எவ்வளவு அகலம் என்பது புரியும். திரவத்தின் மேற்பரப்பில் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி சேரும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஃப்ளாஷ் பாயின்ட் என்று பெயர். மெத்தனாலுக்குப் பாட்டில் லேபிளிலும் பாதுகாப்புத் தாளிலும் சுமார் 11 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள்.

அந்த 11 கடல் மட்டக் கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் காட்டுகிற காற்றழுத்தம் இங்கே 580-ஐ ஒட்டி நிற்கிறது. திரவத்திலிருந்து எழும் ஆவியின் அளவு வெப்பத்தை மட்டுமே பொறுத்தது. அதைச் சுற்றியிருக்கும் காற்றோ இங்கே குறைவு. அதனால் அதே அளவு ஆவி, மலைக்காற்றில் கூடுதல் சதவீதமாக நிற்கிறது. அழுத்தம் 100 மில்லிமீட்டர் குறைந்தால் ஃப்ளாஷ் பாயின்ட் சுமார் 3.3 டிகிரி இறங்கும் என்பது சோதனைக்கூடங்களில் வழக்கமாகப் போடும் திருத்தம். அப்படிக் கணக்குப் போட்டால் ஊட்டியில் மெத்தனாலின் ஃப்ளாஷ் பாயின்ட் 5 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சுமார் 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

உறைபனி விழும் ஜனவரி இரவில் வேண்டுமானால் வெளியே அதற்குக் கீழே போகும். பகலில் ஆள் வேலை செய்கிற அறை எதுவும் 5 டிகிரியில் இருப்பதில்லை. 15 டிகிரி அறையில், மூடிய மெத்தனால் பாட்டிலுக்குள் திரவத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் ஆவியின் பங்கு ஏறத்தாழ 12 முதல் 13 சதவீதம் ஆகிறது. தீப்பிடிக்கும் எல்லைக்குள் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பாட்டில் வெற்றிடம்தான் பலருக்குத் தெரியாத இடம். பெட்ரோல் டேங்குக்குள் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் உள்ளே தீ நிலைக்காது. மெத்தனால் பாட்டிலுக்குள், நாம் வாழும் வெப்பநிலைகளில் எல்லாம், கலவை எரியத் தயாராகவே இருக்கிறது. பாதி காலியான பாட்டிலிலிருந்து சின்னச் சுடர் ஒன்றின் அருகில் ஊற்றினால், தீ பாட்டிலுக்குள் புகுந்து, உள்ளே இருப்பதை நெருப்புப் பீச்சாக வெளியே தள்ளும். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரப் பள்ளியில் இப்படித்தான் நடந்தது. செய்முறை விளக்கத்தின்போது 4 லிட்டர் பாட்டிலிலிருந்து மெத்தனாலை ஊற்றினார்கள். பாய்ந்த தீ மாணவர்களைச் சுட்டது. அந்த நாட்டின் ரசாயன விபத்து விசாரணை வாரியம் அதற்குப் பிறகு சொன்ன முக்கியமான பாடம், பெரிய பாட்டிலை விளக்க மேசைக்குக் கொண்டுபோகவே கூடாது என்பது. வண்ணச் சுடர் காட்டுவதற்கு நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ செய்முறை வகுப்பில் செய்கிறபடி உப்பையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் குழைத்துச் சுடரில் காட்டினாலே போதும். மெத்தனாலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொளுத்திக் காட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றைக்கே விட்டுவிட வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மலையேறும்போது கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டியதும் பலூன்போல உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் மூடிய கரைப்பான் பாட்டிலுக்குள்ளும் அதே அழுத்தம் அடைபட்டுத்தான் மேலே வருகிறது. கண்ணாடி உப்பாது, அதனால் நமக்குத் தெரியாது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று வெளியேறுவது வெறும் காற்று இல்லை, எரியக்கூடிய, மூச்சில் போகக்கூடாத ஆவி. புதிதாக வந்த பாட்டிலை முதல் முறை திறப்பதை முகத்துக்கு நேரே வைத்துச் செய்யாமல், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ப்யூம் ஹுட்டுக்குள், மெதுவாக, கண்ணாடி அணிந்துகொண்டு செய்ய வேண்டும். வந்த அன்றே திறக்காமல், அறையின் குளிருக்குப் பழகவிட்டுத் திறப்பது இன்னும் நல்லது.

உயரத்தின் விளையாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது தேயிலைப் பரிசோதனை. பாலிஃபீனால் அளவிடும் சர்வதேச முறையில் பொடித்த தேயிலை 0.2 கிராம் எடுத்து, 70 சதவீத மெத்தனால் கலந்த தண்ணீரை 5 மில்லி சுடச்சுட ஊற்றி, குழாயை மூடி, 70 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 10 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். இடையில் எடுத்துக் குலுக்கவும் வேண்டும். கடல் மட்டத்தில் இந்தக் கலவை 73 டிகிரிவாக்கில்தான் கொதிக்கும். எனவே 70-ல் நிம்மதியாக இருக்கும். ஊட்டியில்? சுத்த மெத்தனாலின் கொதிநிலை 64.7-லிருந்து 58-க்கு இறங்கிவிடுகிறது. 70 சதவீதக் கலவைக்கு என் கணக்கில் 66-க்குப் பக்கத்தில் வருகிறது. அதாவது, புத்தகத்தில் இருக்கிறபடி அட்சரம் பிசகாமல் செய்தால் மலையில் கலவை கொதிக்கத் தொடங்கிவிடும். இறுக்கி மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறும். ஐந்தாவது நிமிடத்தில் எடுத்துக் குலுக்கி, சூட்டோடு மூடியைத் தளர்த்தினால், பழுப்பு நிறச் சாறு நுரைத்துக்கொண்டு விரல்மேல் வழியும். சில நேரம் முகம்வரை தெறிக்கும்.

இதில் குழாயைவிடப் பெரிய ஆபத்து, ஊற்றுவதற்காகத் தொட்டியிலேயே வைத்துச் சூடாக்கும் கலவைப் பாட்டில். அதில் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ இருக்கும். அது கொதித்தால் முதலில் வெளியேறுவது மெத்தனால். அறை முழுக்க ஆவி, மீதமுள்ள கலவையில் விகிதமும் தவறிப்போகும், பரிசோதனை முடிவும் தவறும். பாதுகாப்புக்காகக் கவலைப்படாதவர்கள்கூட முடிவுக்காகக் கவலைப்பட்டாக வேண்டும். கலவையைக் குளிர்ச்சியாகவே அளந்து ஊற்றி, அழுத்தம் தாங்கும் திருகுமூடிக் குழாயில் மட்டும் சூடாக்கி, ஐஸ் தண்ணீரில் ஆறவிட்ட பிறகு திறப்பது ஒரு வழி. பாட்டிலைச் சூடாக்கியே ஆக வேண்டுமென்றால் மேலே, ஆவியைக் குளிர்வித்துத் திரவமாகத் திருப்பும் கண்டென்சர் பொருத்தலாம். எந்த வழியானாலும், மாற்றிய முறை பழைய முறையின் முடிவோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் எழுதிய செய்முறைத் தாளை மலையில் அப்படியே ஒட்டிவைப்பது சரியில்லை என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஃபிரிட்ஜ். மூலிகைச் சாற்றை மெத்தனாலில் எடுத்து, சின்ன பீக்கரில் ஊற்றி, வாயில் அலுமினியத் தாளைச் சுற்றி, வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்றில் வைத்துவிடுவது எல்லா ஊர் லேபிலும் நடக்கிறது. 4 டிகிரியில் மெத்தனால் ஆவி, ஊட்டியின் காற்றழுத்தத்தில், தீப்பிடிக்கும் கீழ் எல்லையை ஒட்டி நிற்கும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போகிறது என்று வையுங்கள். ஃபிரிட்ஜ் மெல்ல மெல்ல அறையின் வெப்பத்துக்கு வருகிறது. அலுமினியத் தாள் ஆவியைத் தடுப்பதில்லை. மூடிய பெட்டிக்குள் ஆவி சேர்ந்துகொண்டே போகிறது. விடியற்காலையில் மின்சாரம் திரும்பும்போது தெர்மோஸ்டாட் 'டிக்' என்று ஒரு பொறி விடும். கதவைப் பெயர்த்து எறிந்த ஃபிரிட்ஜ் வெடிப்புகள் உலகமெங்கும் ஆய்வகங்களில் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் ஆள் இல்லாத நேரத்தில். உள்ளே பொறி வராதபடி செய்த, தீப்பிடிக்கும் பொருளுக்கென்றே விற்கும் ஃபிரிட்ஜ் விலை அதிகம்தான். வாங்க முடியாவிட்டால், கரைப்பானை ஹுட்டுக்குள் ஆவியாக்கிவிட்டு, உலர்ந்த சாற்றை மட்டும் உள்ளே வைக்கலாம். இரண்டும் முடியாது என்றால் அந்தப் பொருள் ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாது.

குளிருக்கு நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலை அடைக்கிறோம், ஹீட்டர் போடுகிறோம். இரண்டும் தப்பான திசை. கம்பி சிவக்கச் சிவக்க எரியும் ஹீட்டரின் சூடு, மெத்தனால் தானாகவே பற்றிக்கொள்ளும் சுமார் 460 டிகிரியைவிட மிக அதிகம், பொறிகூடத் தேவையில்லை. பழைய கட்டடங்களில் கரி அடுப்பில் கணப்பு மூட்டி மூலையில் வைக்கும் பழக்கத்தைச் சொல்லவே வேண்டாம். எண்ணெய் அடைத்த ரேடியேட்டர் வகை ஹீட்டரில் சிவந்த கம்பி வெளியே தெரியாது என்றாலும் அதன் தெர்மோஸ்டாட்டிலும் பொறி உண்டு. கரைப்பான் திறக்கும் அறையில் அதுவும் வேண்டாம். பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளலாம். மின்வெட்டு வந்தால் ப்யூம் ஹுட்டின் விசிறி நின்றுவிடும். ஜெனரேட்டர் அதைத் தாங்காது என்றால், விளக்கு இருந்தாலும் வேலையை நிறுத்திப் பாட்டிலை மூட வேண்டும். மெழுகுவத்தி ஏற்றுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

அடைத்த அறையில் நஞ்சின் கணக்கும் மாறுகிறது. எட்டு மணி நேர வேலைக்கு மெத்தனால் ஆவி பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஒரு டீ டம்ளர் அளவு, அதாவது 100 மில்லி, நாற்பது கன மீட்டர் அறையில் கொட்டி முழுவதும் ஆவியானால் அளவு 1,900-ஐத் தொடும். வரம்பைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. பலருக்கு வாடை தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் வரம்பு தாண்டியிருக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால், "மலை ஏறி வந்த களைப்பு" என்று தள்ளிவிடுவார்கள். மாலைக்குள் மூன்று பேருக்கு ஒரே நாளில் தலைவலி என்றால் அது களைப்பாக இருக்காது.

மெத்தனால் உடம்புக்குள் நேராகக் கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது சீக்கிரமே ஃபார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலம் செல்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் வேலையை முடக்குகிறது. முதலில் அடி வாங்குவது பார்வை நரம்பு. இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும் என்பதுதான் கொடுமை. குடித்தவர் சில மணி நேரம், பெரும்பாலும் 12-லிருந்து 24 மணி நேரம்வரை, லேசான போதை தவிர ஒன்றும் இல்லாமல் நடமாடுவார். பிறகு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. கண் முன்னால் பனி கொட்டுவதுபோலத் தெரிகிறது என்பார். பத்து மில்லி கண்ணைப் பறிக்கப் போதும். முப்பது மில்லி உயிரைப் பறித்திருக்கிறது. வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம் இருக்கிற ஊரில் ஒருவர் "எல்லாம் மூட்டமாத் தெரியுதுங்க" என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்காமல் போகலாம். மெத்தனால் புழங்கும் இடத்தில் வேலை செய்பவர் அப்படிச் சொன்னால் அது அவசர நிலை.

இது தமிழ்நாட்டுக்கு ஏட்டுப் பாடம் இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தார்கள். தொழிற்சாலைக்கும் ஆய்வகத்துக்கும் போக வேண்டிய அதே திரவம்தான் அது. மெத்தனாலை வாங்கவும் இருப்பு வைக்கவும் 1959-ம் ஆண்டு விதிகளின்படி மதுவிலக்குத் துறை உரிமம் வேண்டும் என்பது இதனால்தான். இருப்புப் பதிவேட்டை வெறும் சம்பிரதாயமாக நினைக்கும் கல்லூரிகள் உண்டு. அலமாரியிலிருந்து அரை லிட்டர் காணாமல் போனால் அது எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்று கேட்க வேண்டிய ஊர் நம்முடையது. அலமாரிக்குப் பூட்டு, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கையெழுத்து, மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பது: இவை வேண்டும். அதைவிட முக்கியமாக, மெத்தனாலைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைக்கக் கூடாது. பார்க்கத் தண்ணீர்போலவே இருக்கும். இரவுக் காவலரோ துப்புரவுப் பணியாளரோ லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்து "ஸ்பிரிட்தானே" என்று நினைத்தாலும் ஆபத்து, "தண்ணிதானே" என்று நினைத்தாலும் ஆபத்து. லேபிளில் தமிழில் "விஷம், குடித்தால் கண் போகும், உயிர் போகும்" என்று பெரிதாக எழுத வேண்டும்.

தோல் வழியாகவும் இது உள்ளே போகும். மலை லேப்களில் நான் பார்க்கிற வழக்கமான தவறு கையுறை விஷயத்தில்தான். பெட்டியில் நூறாக வரும் மெல்லிய நைட்ரைல் கையுறையையோ, ஆஸ்பத்திரி ரப்பர் கையுறையையோ மெத்தனால் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். சிறு தெறிப்புக்கு அது போதும், நனைந்ததும் கழற்றிப் போட வேண்டும். கொட்டியதை அள்ளவும் டிரம்மிலிருந்து மாற்றவும் பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். கரி வடிகட்டி போட்ட முகமூடி மெத்தனாலை வெகு நேரம் பிடித்துவைக்காது. அதைப் போட்டுக்கொண்டு ஆவி நிறைந்த அறைக்குள் போவது பொய்த் தைரியம்.

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெச்.பி.எல்.சி. கருவியின் கழிவு பாட்டில் மூடியில் ஓட்டையோடு மேசைக்கு அடியில் நாள் கணக்கில் நிற்கும். அதற்கு ஆவி தப்பாத மூடி வேண்டும், நிரம்பியதும் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் போக வேண்டும். சிங்கில் ஊற்றினால் தண்ணீரோடு கலந்து போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் நாலில் ஒரு பங்கு மெத்தனால் இருக்கும் தண்ணீர்கூடத் தீப்பிடிக்கும் திரவக் கணக்கில்தான் வரும். காற்றைவிடச் சற்றுக் கனமான ஆவி சாக்கடைக் குழாயில் தேங்கும். அப்புறம், ஊட்டிப் பக்கம் ஊற்றுவதெல்லாம் ஒரு பள்ளத்தில் இறங்கி மோயாற்றுக்கோ பவானிக்கோதான் போகிறது.

சரி, கொட்டிவிட்டது. இப்போது என்ன செய்வது?

சின்ன அளவு, பீக்கர் கவிழ்ந்த மாதிரி என்றால், சுற்றி எரியும் எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து, காய்ந்த மணலோ, வெர்மிகுலைட் என்ற உறிஞ்சும் கனிமமோ போட்டு உறிஞ்சவிட்டு, மூடியுள்ள டப்பாவில் அள்ளி வெளியே வைக்கலாம். மரத்தூள் வேண்டாம், அது எரியும். சுவரோரம் தொங்கும் சிவப்பு வாளியின் மணலை மழைக்காலத்தில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்; பல இடங்களில் ஈரமேறிக் கட்டியாக இருக்கும். மாற்றி வையுங்கள். 2.5 லிட்டர் பாட்டிலே உடைந்துவிட்டது என்றால் அள்ள நிற்கக் கூடாது. எல்லோரும் வெளியேற வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், அந்த அறையின் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. விளக்கை அணைக்கும் ஸ்விட்சும் பொறி விடும். மின்சாரத்தை வெளியே இருக்கும் மெயினில் நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்ல வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால் முதல் சிக்கல், தீ கண்ணுக்குத் தெரியாது. மெத்தனால் வெளிர் நீலத்தில், புகை இல்லாமல் எரியும். மூட்டம் விலகி ஜன்னல் வழியே வெயில் அடிக்கும் மத்தியானத்தில் சுத்தமாகத் தெரியாது. 1981-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் கார் பந்தயத்தில் ரிக் மியர்ஸ் என்ற ஓட்டுநர்மேல் எரிபொருள் மெத்தனால் பற்றியபோது, சுற்றி நின்றவர்களுக்கு அவர் எரிவதே சில கணம் புரியவில்லை. காற்று நடுங்குவதுபோல் தெரிந்தாலோ, அருகில் போகும்போது முகத்தில் அனல் அடித்தாலோ, காகிதம் காரணமில்லாமல் கருகினாலோ தீ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிறு தீக்கு உலர்பொடி அல்லது கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பான். பீக்கர் வாயில் எரிந்தால் தட்டை வைத்து மூடினால் போதும். சாதாரண நுரையை மெத்தனால் கரைத்துவிடும். ஆல்கஹால் தாங்கும் நுரைதான் வேலைக்கு ஆகும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் எரியும் திரவம் மேசை முழுக்க ஓடும். ஒரு அணைப்பானில் அடங்கவில்லை என்றால் இரண்டாவதைத் தேடாமல் வெளியேற வேண்டும்.

உடையில் தீப்பிடித்தவரைத் தரையில் உருட்டவோ தீப்போர்வையால் மூடவோ வேண்டும். புண்ணைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மலைத்தண்ணீர் ஐஸ்போல இருக்கும். அதனால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைக் கம்பளியால் மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் உடல்சூடு இறங்கிவிடும். மேலே கொட்டிக்கொண்டவருக்கும் இதே சிக்கல். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் மெத்தனாலை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். கூச்சப்படாமல் உடனே கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். லேப் குளியலறையில் கெய்சர் இருப்பது மலையில் சொகுசு இல்லை. கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆவியைச் சுவாசித்து மயங்கியவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் உள்ளே போகிறவர் இரண்டாவது நோயாளி ஆகிவிடக் கூடாது.

விழுங்கியவர் விஷயத்தில் தாமதத்துக்கே இடமில்லை. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. "பிராந்தி குடிச்சா முறிஞ்சிரும்" என்று யாராவது சொல்வார்கள். எத்தனால் அதே கல்லீரல் நொதியைப் பிடித்துக்கொண்டு, மெத்தனால் அமிலமாவதைத் தடுக்கிறது என்பது சரிதான். அதனாலேயே மருத்துவர்கள் அதை அளந்து, ரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொண்டே கொடுப்பது உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்தும் அதே வேலையை இன்னும் சீராகச் செய்கிறது. வீட்டில் ஊற்றிக்கொடுத்தால் அளவு தெரியாது, மயக்கத்தில் புரையேறும், அறிகுறி மறைந்து ஆஸ்பத்திரி போவது தள்ளிப்போகும். அமிலத்தை ஈடுகட்ட பைகார்பனேட், ஃபார்மிக் அமிலம் உடைந்து போக உதவும் ஃபோலினிக் அமிலம், கடுமையான நிலையில் மெத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் ரத்தத்திலிருந்து எடுக்க டயாலிசிஸ் என்று சிகிச்சை போகும்.

இங்கேதான் மலை மறுபடி குறுக்கே வருகிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு சுமார் 50 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுப் பாதை. ஊட்டியிலிருந்து கோவைக்கு இன்னும் 85-ஐ ஒட்டி. 2009 நவம்பர் மழையில் நிலச்சரிவு பாதைகளைத் துண்டித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் விபத்து நடந்த பிறகு எந்த ஆஸ்பத்திரி என்று யோசிக்க முடியாது. மெத்தனால் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அவசர டயாலிசிஸ் இரவிலும் எங்கே நடக்கிறது, மாற்றுமருந்து யாரிடம் இருப்பில் இருக்கிறது என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் நேரில் போய்க் கேட்டு, அதைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். அறிகுறி வர அரை நாளுக்கும் மேல் ஆகலாம் என்பதை இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்லும்போதே 108-ஐக் கூப்பிட்டுவிட்டால், பார்வை நரம்பில் அமிலம் ஏறுவதற்குள் மலைப்பாதையைக் கடந்துவிட முடியும். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத எண் 1800 116 117. சிகிச்சை தரும் மருத்துவரும் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கூடவே ஒரு தாள் போக வேண்டும். திரவத்தின் பெயர் மெத்தனால் என்று தெளிவாக, எத்தனை மணிக்கு, எவ்வளவு, விழுங்கியதா சுவாசித்ததா தோலில் பட்டதா, அதற்கு முன்போ பின்போ மது குடித்தாரா என்று. மது குடித்திருந்தால் அறிகுறி இன்னும் தாமதமாகும் என்பதால் கடைசிக் கேள்வியை வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாது. பாட்டிலின் லேபிளை போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். பாட்டிலை ஆம்புலன்ஸுக்குள் ஏற்ற வேண்டாம்.